உங்கள் வீடியோ பிளேயரின் பதிப்பு எண் தெரியுமா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பிறமொழிப் படங்களைத் தமிழ் வசன வரிகளோடு பார்ப்பதில் அவருக்குத் தீராத விருப்பம். வசன வரிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, எழுத்தே வரவில்லை என்று ஒருநாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எழுத்துருவைச் சரிசெய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பழக்கத்தில் விஎல்சி பிளேயரின் உதவிப் பட்டியலைத் திறந்து பதிப்பு எண்ணைப் பார்த்தேன். 2.2.4 என்று இருந்தது. 2016-இல் வெளியான பதிப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“சார், இதை உடனே மாற்ற வேண்டும்” என்றேன்.

“படம் நன்றாகத்தானே ஓடுகிறது தம்பி, எதற்காக மாற்ற வேண்டும்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அன்று அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கணினியில் அதிகப் பழக்கம் இல்லாதவர்களும் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுது போதும்.

படம் பார்ப்பதில் என்ன ஆபத்து?

வீடியோ கோப்பு என்றால் படச்சுருள் போல ஒன்று என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். சுருளை ஓட்டினால் படம் தெரியும், அதனால் கருவிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று தோன்றும். கணினிக்குள் நடப்பது வேறு. எம்பி4 கோப்பு பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கப்பட்டது. ஒவ்வொரு பெட்டியின் தலைப்பிலும் முதல் நான்கு பைட்டுகளில் அந்தப் பெட்டியின் அளவும், அடுத்த நான்கு பைட்டுகளில் அதன் பெயரும் எழுதியிருக்கும். படமும் ஒலியும் ஒரு பெட்டியில் இருக்கும். எந்த நொடியில் எந்தக் காட்சி என்ற அட்டவணை இன்னொரு பெட்டியில். வசன வரிகளுக்கான விவரம் வேறொன்றில். பிளேயர் இந்தக் குறிப்புகளைப் படித்து, சொல்லப்பட்ட அளவுக்கு நினைவகத்தில் இடம் ஒதுக்கி, பெட்டியில் இருப்பதை அங்கே கொண்டுபோய் வைக்கிறது.

நெல் அளக்கும் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் பத்து மரக்கால் என்று எழுதியிருப்பதை நம்பிப் பத்து மரக்கால் கொள்ளும் சாக்கைப் பிடித்தால், கொட்டுகிறவர் ஐம்பது மரக்கால் கொட்டுகிறார். மிச்ச நெல் பக்கத்துச் சாக்குகளுக்குள் போய் விழும். கணினியின் நினைவகத்தில் அந்தப் பக்கத்துச் சாக்கில், அடுத்து எந்தக் கட்டளையைச் செய்ய வேண்டும் என்ற குறிப்பு இருக்கக்கூடும். கோப்பைத் தயாரித்தவர் கெட்ட எண்ணம் கொண்டவராக இருந்தால், சிந்துகிற நெல் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் சீட்டை எழுதியிருப்பார். அப்புறம் ஓடுவது அவருடைய கட்டளை.

உண்மையில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஊடகத் தொகுப்பில் பல ஓட்டைகள் இருப்பதை ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஜோஷுவா டிரேக் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, எம்பி4 கோப்பில் வசன எழுத்துகளுக்காக உள்ள ஒரு பெட்டியைப் படிக்கும் இடத்தில் இருந்தது. ஏற்கெனவே படித்த அளவையும் புதிதாக வரும் பெட்டியின் அளவையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக்கு இடம் ஒதுக்குவார்கள். கூட்டல் நடந்தது 32 பிட் எண்ணில். அதில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4294967295. அதைத் தாண்டினால், பழைய மோட்டார் சைக்கிளில் கிலோமீட்டர் காட்டும் கருவி 99999-க்குப் பிறகு மீண்டும் 00000 ஆவதுபோல, கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும்.

எண்களைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே படித்தது 5000 பைட். புதிய பெட்டியின் தலைப்பில் அளவு 4294963296 என்று பொய்யாக எழுதியிருக்கிறது. கூட்டினால் 4294968296 வர வேண்டும். ஆனால் எண் சுற்றி வந்துவிடுவதால் கணினிக்குக் கிடைக்கும் விடை 1000. ஆயிரம் பைட்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டு, கையிலிருக்கும் ஐயாயிரத்தை அங்கே கொட்டுகிறது. நாலாயிரம் பைட் வெளியே சிந்துகிறது. ஒரே ஒரு கூட்டல் கணக்கில் வந்த வினை இது.

அப்போது ஏறத்தாழ 95 கோடி ஆண்ட்ராய்டு கருவிகள் இந்த ஓட்டைகளுக்கு இலக்காகும் நிலையில் இருந்ததாக ஜிம்பீரியம் கணக்கிட்டது. சில பதிப்புகளில் எம்எம்எஸ் செய்தியாக வீடியோ வந்து சேர்ந்தாலே போதும். செய்தியை நாம் திறப்பதற்கு முன்பே தொலைபேசி அதை உள்ளே படித்துப் பார்த்துவிடும். முதலில் வந்த திருத்தங்களில் ஒன்று போதாமல் போய், மறுபடியும் திருத்த வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டுக்கு மாதந்தோறும் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக கூகுள் அறிவித்தது ஸ்டேஜ்ஃபிரைட் விவகாரம் வெளியான பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில்தான்.

விஎல்சியில் இப்படி ஓட்டை வரும்போது, அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு ஒரு பாதுகாப்பு அறிக்கை வெளியிடும். பெரும்பாலும் பிளேயர் நின்றுபோவதோடு முடிந்துவிடும், ஆனாலும் தாக்குபவரின் கட்டளை உங்கள் கணினியில் உங்கள் அனுமதியோடு ஓடும் வாய்ப்பை மறுக்க முடியாது என்ற பொருளில் அதில் எழுதியிருக்கும். உங்கள் அனுமதியோடு என்பதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். உங்கள் படங்கள், ஆவணங்கள், உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள் என நீங்கள் தொடக்கூடியவை எல்லாம் அந்தக் கட்டளையின் கைக்கும் எட்டும்.

முதல் வேலை: எதில் படம் பார்க்கிறீர்கள் என்று எண்ணுங்கள்

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள கணினி, தொலைபேசி, டேப்லெட், டிவிப் பெட்டி ஒவ்வொன்றிலும் வீடியோ திறக்கும் மென்பொருள் என்னென்ன என்று எழுதுங்கள். விஎல்சி, ‘கோடி’ (Kodi) என்ற பிளேயர், விண்டோஸோடு வருகிற பிளேயர், கைபேசியின் கேலரி இவை உடனே நினைவுக்கு வரும். மறந்துபோவது வாட்ஸ்அப், டெலிகிராம், உலாவி. அவையும் வீடியோவைப் படிக்கின்றன. எப்போதோ ஒரு கோப்பு திறக்கவில்லை என்று நிறுவிய பிளேயர் ஒன்று மூலையில் கிடக்கும். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே பதிப்பு எண்ணைக் குறியுங்கள். கணினியில் விஎல்சியைத் திறந்து, மேலே ‘ஹெல்ப்’ பட்டியலில் ‘அபௌட்’ என்பதை அழுத்தினால் எண் தெரியும். இடைமுகத்தைத் தமிழில் வைத்திருந்தால் இந்தப் பெயர்களும் தமிழில் இருக்கும். ‘ஹெல்ப்’ வரிசையின் கடைசியில் வரும். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் உதவிப் பகுதியில், செயலி பற்றிய தகவலில் இருக்கும். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் அமைப்புகள், தொலைபேசி பற்றி, ஆண்ட்ராய்டு பதிப்பு என்று உள்ளே போனால், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த மாதத்தைச் சேர்ந்தது என்ற தேதி கிடைக்கும். அந்தத் தேதி ஓராண்டுக்கு முந்தையதாக இருந்தால், அந்தத் தொலைபேசியில் தெரியாதவர் அனுப்பும் வீடியோவைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதாதா என்று கேட்காதீர்கள். எழுதிவைத்தவர்கள்தான் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என் அனுபவத்தில் கண்டது இது.

இரண்டாவது: புதிய பதிப்பை அதன் சொந்த வீட்டிலிருந்தே எடுங்கள்

விஎல்சியின் ‘ஹெல்ப்’ பட்டியலிலேயே புதுப்பிப்பு இருக்கிறதா என்று பார்க்கும் வழி உண்டு. உங்களிடம் இருப்பது 3.0.12 அல்லது 3.0.13 என்றால் அந்த வழியை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். அவ்விரு பதிப்புகளின் விண்டோஸ் வடிவத்தில், புதுப்பிக்கும் பகுதியிலேயே கோளாறு இருந்தது. புதிய கோப்பு பத்திரமாக இறங்கும், சரிபார்ப்பும் நடக்கும், ஆனால் நிறுவும் வேலை மட்டும் தொடங்காது. 2021-இல் வந்த 3.0.14-இல்தான் அது சரியானது. ஆகவே இந்த இரண்டு எண்களில் ஒன்று உங்கள் தாளில் இருந்தால், தளத்துக்குப் போய் நேரடியாக இறக்கி நிறுவுங்கள்.

தளம் என்றால் வீடியோலேன் டாட் ஆர்க் (videolan.org). அது ஒன்றுதான். தேடுபொறியில் விஎல்சி என்று தட்டினால் மேலே விளம்பரமாக வருகிற தளங்களைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இறக்கிய கோப்பை இரட்டை அழுத்து அழுத்தியதும், கணினியில் மாற்றம் செய்ய அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். அந்தக் கேள்விப் பெட்டியில் வெளியிட்டவர் பெயர் வீடியோலேன் என்று இருக்க வேண்டும். ‘தெரியாதவர்’ என்று வந்தால் மறுத்துவிட்டுக் கோப்பை அழித்துவிடுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய வலி உண்டு. 2022 பிப்ரவரியிலிருந்து பல இணைய இணைப்புகளில் வீடியோலேன் தளம் திறக்கவே இல்லை. அரசு தடுத்திருந்தது, ஏன் என்று முறையாக யாருக்கும் சொல்லப்படவில்லை. வீடியோலேன் அமைப்பு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு சட்ட அறிவிப்பு அனுப்பி, அந்த ஆண்டு நவம்பரில்தான் தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் விஎல்சி வேண்டும் என்று தேடியவர்கள் எங்கெங்கேயோ இறக்கிக்கொண்டார்கள். அசல் தளத்தை மூடினால் மக்கள் போலித் தளங்களின் பக்கம்தான் போவார்கள். பாதுகாப்பைச் சொல்லிச் செய்யப்படும் தடை பாதுகாப்பையே குலைத்துவிடும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அந்தக் காலத்தில் வேறெங்கிருந்தாவது நிறுவிய விஎல்சி உங்கள் கணினியில் இன்னும் இருந்தால், முழுவதுமாக நீக்கிவிட்டு இப்போது அசல் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிக்காடா என்று அழைக்கப்படும் தாக்குதல் குழு, அசல் விஎல்சியின் பக்கத்தில் தன்னுடைய தீய கோப்பு ஒன்றை வைத்து, விஎல்சி திறக்கும்போது அதுவும் சேர்ந்து ஓடும்படி செய்ததை சைமன்டெக் நிறுவனம் 2022 ஏப்ரலில் வெளியிட்டது. விஎல்சியில் அங்கே ஓட்டை ஒன்றும் இல்லை. நல்ல பிளேயரோடு கெட்ட கோப்பும் ஒரே மூட்டையில் வந்தது, அவ்வளவுதான். நண்பர் பென் டிரைவில் தருகிற ‘நிறுவத் தேவையில்லாத’ பிளேயர் பொட்டலங்களை வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

புதியதை நிறுவியதும் தாளைப் பாருங்கள். ஆறு மாதமாகத் தொடாத பிளேயர்கள் இருந்தால் நீக்குங்கள். இருக்கும் பிளேயர் ஒன்றுதான் என்றால் பார்த்துக்கொள்ள வேண்டிய கதவும் ஒன்றுதான்.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆசிரியரும் இதைக் கேட்டார். விஎல்சி திறந்த மூலநிரல் கொண்டது. திருத்தம் வெளியானதும் பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த வரி மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்பது தெரிந்துவிடும். திருத்தம் வருவதற்கு முந்தைய நாள் வரை அந்த ஓட்டையை அறிந்தவர்கள் சிலர். மறுநாள் முதல் தேடுகிற எல்லோருக்கும் தெரியும். பழைய பதிப்பில் இருப்பவருக்கு அன்றிலிருந்துதான் நிலைமை மோசமாகிறது. 2019 ஜூனில் வந்த 3.0.7 பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஆணையம் பணம் ஒதுக்கி, ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்ததில் 30-க்கும் மேற்பட்ட பாதுகாப்புக் குறைகள் ஒரே பதிப்பில் திருத்தப்பட்டன. எம்கேவி கோப்பைப் படிக்கும் பகுதியில் ஒன்று, ஏவிஐ கோப்பைப் படிக்கும் பகுதியில் ஒன்று என்று அன்றாடம் நாம் திறக்கும் வடிவங்களிலேயே அவை இருந்தன. அதற்கு முந்தைய பதிப்பை வைத்திருப்பவர் அத்தனை ஓட்டைகளையும் சேர்த்து வைத்திருக்கிறார்.

வசன வரிகள்

ஆசிரியரின் 2.2.4-ஐப் பார்த்து நான் பதறியதற்குக் காரணம் இதுதான். 2017 மே மாதம் செக் பாயின்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், வசன வரிக் கோப்பை வைத்தே கணினியைக் கைப்பற்ற முடியும் என்று செய்து காட்டினார்கள். விஎல்சி, கோடி, பாப்கார்ன் டைம், ஸ்ட்ரீமியோ ஆகிய நான்கு பிளேயர்களும் அதில் சிக்கின. வசன வரித் தளங்களின் தரவரிசையை ஏமாற்றித் தங்கள் கோப்பை முதலிடத்துக்குக் கொண்டுவர முடியும், அப்போது பிளேயரே தானாக அதை எடுத்துக்கொள்ளும் என்பதையும் காட்டினார்கள். படம் நல்லது, கணினி நல்லது, கெட்டது கீழே ஓடும் இரண்டு வரி எழுத்து! விஎல்சி அதே ஆண்டு 2.2.5.1 பதிப்பிலும், கோடி 17.2 பதிப்பிலும் இதைத் திருத்தின. நம் ஆசிரியர் திருத்தத்துக்கு முந்தைய பதிப்பில், ஊர்பேர் தெரியாத தளங்களிலிருந்து வாரத்துக்கு நான்கு வசன வரிக் கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

வசன வரிப் பிரியர்களுக்கு நான் சொல்வது: எஸ்ஆர்டி வடிவக் கோப்பை மட்டும் எடுங்கள். அது வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால், முதல் வரியில் 1 என்ற எண், அடுத்த வரியில் மணி, நிமிடம், நொடி, அதற்குக் கீழே வசனம் என்று தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரப் படத்தின் வசன வரிக் கோப்பு சில நூறு கிலோபைட்டைத் தாண்டுவது அரிது. ஐந்து மெகாபைட் என்று வந்தாலோ, திறந்ததும் புரியாத குறிகளாகக் கொட்டினாலோ அழித்துவிடுங்கள். தமிழ் எழுத்து சில சமயம் குறியாக்கம் மாறிக் குழம்பித் தெரியும். அப்போதும் எண்களும் நேரமும் ஒழுங்காக இருக்கும். அதை வைத்து வேறுபடுத்திவிடலாம்.

படத்தின் பெயரிலேயே வசன வரிக் கோப்பும் அதே கோப்புறையில் இருந்தால் விஎல்சி தானாக அதை எடுத்துக்கொள்ளும். ஆகவே யாரோ தந்த கோப்புறையை அப்படியே திறக்காமல், படத்தை மட்டும் தனியாக வேறிடத்தில் நகலெடுத்துப் பாருங்கள்.

கோப்பின் முழுப்பெயரைப் பார்க்கும் பழக்கம்

மேலே சொன்னவை உண்மையான வீடியோ கோப்புக்குள் ஒளிந்து வரும் ஆபத்து. அதைவிட எளிய ஏமாற்று ஒன்று உண்டு. நம்மூரில் அதிகம் பேர் ஏமாறுவது அதில்தான். விண்டோஸ், கோப்புப் பெயரின் கடைசியில் வரும் வகைக்குறியை மறைத்தே வைத்திருக்கிறது. ‘கல்யாணம் டாட் எம்பி4 டாட் இஎக்ஸ்இ’ என்ற கோப்பு உங்கள் திரையில் ‘கல்யாணம் டாட் எம்பி4’ என்று மட்டும் தெரியும். அதற்கு வீடியோவின் படத்தையே சின்னமாக ஒட்டியிருப்பார்கள். அழுத்தினால் படம் ஓடாது, நிரல் ஓடும்.

மாற்றுவது சுலபம். விண்டோஸ் 11-இல் ஏதாவது ஒரு கோப்புறையைத் திறந்து, மேலே ‘வியூ’, அதற்குள் ‘ஷோ’, அதற்குள் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை அழுத்துங்கள். விண்டோஸ் 10-இல் ‘வியூ’ பட்டையிலேயே அதற்கான கட்டம் இருக்கும். ஒருமுறை செய்தால் போதும். அதன்பின் இஎக்ஸ்இ, எஸ்சிஆர், பிஏடி, எல்என்கே என்று முடிகிற எதுவும் வீடியோ ஆகாது என்று நினைவில் வையுங்கள்.

வாட்ஸ்அப்பைக் கணினியில் பயன்படுத்துகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் அந்த நிறுவனமே அறிவித்த ஒரு குறை இது: விண்டோஸ் செயலியின் 2.2450.6-க்கு முந்தைய பதிப்புகளில், வந்த கோப்பைப் படம் போலக் காட்டுவது ஒரு குறிப்பை வைத்து. திறப்பது வேறொரு குறிப்பை வைத்து. பார்வைக்குப் படமாக இருப்பது, அழுத்தினால் நிரலாக ஓடலாம். பழைய பதிப்பு இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

‘இந்தப் படத்தைப் பார்க்கக் கோடெக் தேவை, இங்கே இறக்கவும்’ என்று திரையில் வந்தால் அந்தப் படத்தையே மூடிவிடுங்கள். கோடெக் என்பது சுருக்கிவைத்த படத்தையும் ஒலியையும் விரித்துக் காட்டும் சிறு நிரல். கோடெக் என்ற பெயரில் தீநிரல் விற்பது 2005-ஆம் ஆண்டுவாக்கில் வந்த ஸ்லோப் (Zlob) என்ற தீநிரலின் காலத்திலிருந்து நடக்கிறது. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தன்னுடனேயே கொண்டு வருகிறது. அதில் ஓடாத கோப்புக்காக வேறு எதையும் நிறுவ வேண்டாம்.

கைபேசியில் செய்ய வேண்டியது

நம்மில் பெரும்பாலோருக்கு வீடியோ வருவது வாட்ஸ்அப் வழியாகத்தான். 2019 நவம்பரில் அதில் வெளியான ஓட்டையும் எம்பி4 கோப்பு சம்பந்தப்பட்டதுதான். கோப்பின் உட்குறிப்புகளைப் படிக்கும்போது நினைவகம் நிரம்பி வழிகிற அதே கதை. ஆண்ட்ராய்டில் 2.19.274-க்கும், ஐஃபோனில் 2.19.100-க்கும் முந்தைய பதிப்புகள் அதில் பாதிக்கப்பட்டன. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னும் எச்சரிக்கை வெளியிட்டது. அந்த எண்கள் இன்று பழங்கதை. ஆனாலும் செயலிக் கடையில் தானாகப் புதுப்பித்தலை நிறுத்தி வைத்திருப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். டேட்டா செலவாகும் என்று பயந்தால், வைஃபையில் மட்டும் புதுப்பிக்கும்படி வையுங்கள், முழுவதும் நிறுத்தாதீர்கள்.

ஆண்ட்ராய்டு தொலைபேசியில், வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகமும் தரவும் என்ற பகுதிக்குள் போனால், மீடியாவைத் தானாக இறக்குவது பற்றிய மூன்று வரிகள் இருக்கும். மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் வீடியோ, ஆவணம் இரண்டுக்கும் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். காலை வணக்கக் குழுக்களில் வருகிற எல்லாம் கேட்காமலே தொலைபேசிக்குள் இறங்குவது இதோடு நிற்கும். அப்படியே தனியுரிமைப் பகுதியில், யார் வேண்டுமானாலும் உங்களைக் குழுவில் சேர்க்கலாம் என்று இருப்பதை உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். வீட்டுப் பெரியவர்களின் தொலைபேசியில் இந்த இரண்டையும் நீங்களே செய்துகொடுங்கள். வழி சொல்லிவிட்டு வந்தால் நடக்காது.

கணினிக்கு இன்னும் ஒன்று

விண்டோஸ் கணினியை வாங்கியதும் முதலில் உருவாக்கும் கணக்கு நிர்வாகி அதிகாரம் கொண்டது. படம் பார்ப்பதற்கும் இணையத்தில் உலாவுவதற்கும் சாதாரணக் கணக்கு ஒன்றைத் தனியாக உருவாக்கி அதையே தினமும் பயன்படுத்துங்கள். கெட்ட கோப்பு ஏதேனும் கட்டளை ஓட்டினாலும் அந்தக் கணக்கின் எல்லைக்குள் அடங்கிப்போகும் வாய்ப்பு அதிகம். ஒரே கணினியைப் பிள்ளைகளும் பயன்படுத்தும் வீடுகளில் இது கட்டாயம் என்பேன்.

ஒரு கோப்பின்மேல் சந்தேகம் வந்தால்

வீடியோவைத் திறந்ததும் பிளேயர் பட்டென்று மூடிக்கொள்கிறது. எல்லோரும் செய்வது என்ன? மறுபடி திறப்பார்கள். மறுபடியும் மூடினால் இன்னொரு பிளேயரில் முயல்வார்கள். அப்புறம் தொலைபேசிக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கோப்பு பாதியில் இறங்கியதாலோ பழுதானதாலோதான் அப்படி ஆகும். ஆனால் தயாரித்து அனுப்பிய கெட்ட கோப்பும் வெளிப்பார்வைக்கு அப்படித்தான் நடந்துகொள்ளும். எனவே ஒருமுறை மூடிக்கொண்டால் அதோடு நிறுத்துங்கள். அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நீங்கள்தான் அனுப்பினீர்களா? எங்கிருந்து கிடைத்தது?” என்று கேளுங்கள். செய்தியாகக் கேட்காதீர்கள், அவருடைய கணக்கே வேறொருவர் கையில் இருக்கலாம்.

வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பைப் பதிவேற்றினால் பல வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்க்கலாம். ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு பாதுகாப்பு ஆய்வாளர்களின் கைக்கும் போகும். குடும்ப விழா வீடியோவையோ அலுவலகக் கோப்பையோ அங்கே ஏற்றக் கூடாது. எந்த மென்பொருளும் ஒன்றும் சொல்லவில்லை என்றால் கோப்பு நல்லது என்று உறுதியாகிவிடாது என்பதையும் மறக்க வேண்டாம்.

திறந்த பிறகு கணினி வழக்கத்துக்கு மாறாக நடந்தால், முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணைத்தால் போதும். வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். அதே கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதியதையும் சேர்த்துக் கொடுத்துவிடுவீர்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

பயமுறுத்தும் செய்தி வரும்போது

2019 ஜூலையில் விஎல்சியில் மிகக் கடுமையான ஓட்டை, உடனே நீக்குங்கள் என்று உலகெங்கும் செய்திகள் பறந்தன. ஜெர்மனி அரசின் கணினிப் பாதுகாப்புக் குழு எச்சரித்ததிலிருந்து தொடங்கியது அது. எனக்கும் அந்த வாரத்தில் தெரிந்தவர்களிடமிருந்து ஓயாமல் அழைப்புகள். வீடியோலேன் விசாரித்தபோது உண்மை வேறாக இருந்தது. ஓட்டை விஎல்சியில் இல்லை. எம்கேவி கோப்பைப் படிக்க உதவும் லிப்இபிஎம்எல் என்ற வெளி நூலகத்தில், அதாவது வேறொருவர் எழுதி விஎல்சி எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பில் இருந்தது. அதுவும் 16 மாதங்களுக்கு முன்பே திருத்தப்பட்டது. 3.0.3 பதிப்பிலிருந்து விஎல்சி திருத்திய நூலகத்தோடுதான் வந்துகொண்டிருந்தது. புகார் சொன்னவரின் கணினியில் ஓடிய உபுண்டு 18.04 என்ற பழைய இயங்குதளத்தில் பழைய நூலகம் இருந்திருக்கிறது. 10-க்கு 9.8 என்று போட்டிருந்த கடுமை மதிப்பெண் பிறகு 5.5 ஆகக் குறைந்தது. அதற்குள் எத்தனையோ பேர் நல்ல பிளேயரை நீக்கிவிட்டு, விளம்பரம் பார்த்து ஏதோ ஒன்றை நிறுவியிருந்தார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

அதனால் அடுத்த முறை இப்படி ஒரு செய்தி உங்கள் தொலைபேசிக்கு வந்தால், அதில் மூன்று விவரங்களைத் தேடுங்கள். எந்தப் பதிப்பு வரை பாதிப்பு? எந்தப் பதிப்பில் திருத்தம்? உருவாக்கியவர்கள் தங்கள் தளத்தில் என்ன சொல்கிறார்கள்? பெரும்பாலும் சிவிஇ (CVE) என்று தொடங்கும், ஒவ்வோர் ஓட்டைக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஓர் எண்ணும் கூடவே இருக்கும். ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த அந்த அடையாளத்தை வைத்துத் தேடினால் நேராக விஷயத்துக்குப் போய்விடலாம். பதிப்பு எண் இல்லாமல் ‘உடனே நீக்குங்கள், எல்லோருக்கும் அனுப்புங்கள்’ என்று மட்டும் இருக்கும் செய்தியை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. எண் இருந்தால், தாளை எடுத்து ஒப்பிடுங்கள். உங்களுடையது சிறிய எண் என்றால் புதுப்பியுங்கள். திருத்தம் இன்னும் வரவில்லை என்றால், வரும்வரை முன்பின் தெரியாதவர் தரும் கோப்புகளை அந்தப் பிளேயரில் திறக்காதீர்கள். வீடியோலேன் தன் அறிக்கைகளில் தருகிற அறிவுரையும் அதுதான்.

தமிழாசிரியருக்குத் தாள் பிடிக்கவில்லை, தொலைந்துவிடும் என்றார். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தை அதற்காக ஒதுக்கிவிட்டார். நான் பார்த்தபோது அங்கே, 2.2.4 என்று எழுதி அடித்து, கீழே 3.0.21 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் தேதியும் இருந்தது. அதற்கும் கீழே, வாட்ஸ்அப்பின் எண். மூன்றாவது வரியில் மருமகளின் தொலைபேசி என்று எழுதி, எதிரே இடம் விட்டிருந்தார்.

“அவள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள் தம்பி, அப்போது பார்த்து எழுதிவிடுகிறேன்” என்றார்.